கல்வாய்க்கு முன்னால ஒரு மலை

வாயத் தொறக்கக்கூடாது, அவ்வளவுதான். சிரிக்கக்கூடாது, உச்சுக் கொட்டக்கூடாது, தலைய ஆட்டக்கூடாது, யாராச்சும் காயத் தப்பான கட்டத்துல வெச்சா ‘ஐயோ அது இல்லீங்க’ன்னு பாயக்கூடாது. விளையாடிப் பாக்க ஆளுங்க வர்ற அன்னிக்கு, கேமைச் செஞ்சவன் மூலையில உக்காந்து மூச்சு மட்டும் விட்டுக்கலாம்னு நவாஸ் சட்டம் போட்டு வெச்சிருந்தான். ஏன்டான்னு ஆரம்பத்துல பரிதி கேட்டப்ப, நாளைக்கு ஒருத்தன் அவன் வீட்டுல பெட்டியப் பிரிப்பான், உள்ள போர்டு இருக்கும், காய் இருக்கும், ரூல் புக் இருக்கும், கூடவே உன்னையும் மடிச்சு வெச்சு அனுப்ப முடியுமாடான்னான். நியாயந்தான். கதையில வர்ற ஏழ்கரை நாட்டப் பத்தி ஒரு வார்த்தை எடுத்தா பஸ் ஸ்டாண்டுலகூட நின்னு ஒரு மணி நேரம் பேசற ஆளு பரிதி. ஆனா இன்னிக்கு வாய மூடறது கஷ்டமா இல்ல, கண்ணைத் தொறந்து வெச்சிருக்கறதுதான் கஷ்டமா இருந்துச்சு. ராத்திரி பூரா அவினாசி ரோட்டு ஆபீஸ்ல அமெரிக்கா ஆஸ்பத்திரி பில்லுங்களச் சரிபாத்துட்டு, ரூமுக்குப் போய்க் குளிச்சுட்டு, நேரா குனியமுத்தூர் பஸ் ஏறி வந்தாச்சு. கண்ணுக்குள்ள மணலைக் கொட்டி வெச்ச மாதிரி. மடியில லேப்டாப் சூடு. யாரு எங்க முழிக்கறாங்க, எந்த ரூல் புரியல, எந்த எடத்துல கொட்டாவி விடறாங்க, எல்லாத்தையும் டைப் அடிக்கறதுதான் அவன் வேலை. நவாஸ் வீட்டு மாடி ரூமு, மேல ஒரு ஃபேன் கிறீச் கிறீச்சுன்னு ஒரே வார்த்தையத் திரும்பத் திரும்பச் சொல்லிட்டு இருந்துச்சு, கீழ நவாஸோட அம்மா வெங்காயம் வதக்கற வாசனை படியேறி வந்துச்சு, நடுவுல பெரிய மேசை, மேசை மேல ஏழ்கரை. ஆத்தோட, கடலோட, கோட்டையோட, அவன் கையால வரைஞ்ச ஏழ்கரை. அந்தப் பக்கம் சேர்ல, பருத்திச் சேலையில, கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கி விட்டுட்டு ரூல் புக்க வரி வரியாப் படிச்சிட்டு இருந்தது வசுமதி மேடம். ஏழ்கரைய எழுதினவங்க.

அஞ்சு புக்கு எழுதினவங்க எப்படி இருப்பாங்கன்னு பரிதி மனசுல என்னென்னமோ வெச்சிருந்தான். ஈரோட்டுலருந்து பஸ்ல வந்து எறங்கினாங்க, தோள்ல ஒரு ரெக்சின் பை, பைக்குள்ள டிபன் பாக்ஸ், மாடியேறி வந்ததும் மொதல்ல கேட்டது பாத்ரூம் எங்கப்பான்னு. அரசாங்க ஆபீஸ்ல கணக்குப் பிரிவு, பையன் காலேஜ், இன்னிக்கு சனிக்கெழமைங்கறதால வந்தேன்னாங்க. இவங்களா கல்வாய்க் கோட்டையக் கட்டினது. இவங்களா அந்தப் பாழ்நிலத்துல நூறு பக்கத்துக்கு ஒண்ணுமே நடக்காம காத்தை மட்டும் வீச விட்டது. படபடன்னு போய் எல்லாத்தையும் கேக்கணும் போல இருந்துச்சு, ஆனா சட்டம், அப்புறம் பயம். பயம் ரெண்டு. மொதப் பயம் எல்லாருக்கும் தெரிஞ்சது: அவங்க ஒத்துக்கிட்டாத்தான் இந்த கேம் வெளிய வரும், போர்டைப் பாத்துட்டு ‘இது என் நாடு இல்லப்பா’ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா ஆறு மாச வேலை குப்பை. அது கூடப் பரவால்ல. ரெண்டாவது பயம் பரிதிக்கு மட்டும் தெரிஞ்சது, நவாஸுக்குக்கூடத் தெரியாது. போர்டுல கல்வாய்க் கோட்டைக்கு முன்னால, தும்பைத்துறைப் பக்கத்துலருந்து வர்ற வழியக் குறுக்க மறிச்சிட்டு ஒரு மலை நிக்குது. சாம்பலும் ஊதாவும் கலந்து, நெழல் எல்லாம் விழுந்து, போர்டுலயே அழகா வந்திருக்கறது அதுதான். அந்த மலை எந்த புக்குலயும் இல்ல. அது பரிதி வெச்ச மலை. ஏன் வெச்சான்னு அந்தம்மா கண்டுபிடிச்சிட்டா? கண்டுபிடிக்க மாட்டாங்க. எழுதி எவ்வளவு வருஷம் ஆச்சு, அவங்களுக்கே ஞாபகம் இருக்குமா. இருக்கும். இருக்காது. ஃபேன் கிறீச்சுன்னுச்சு. அவன் ‘ரூல் புக் பக்கம் ரெண்டு, எழுத்து சின்னது’ன்னு டைப் அடிச்சான்.

வசுமதி மேடம் மேப் எதுவும் போட்டதில்ல. புக்குல எங்கயும் கெடையாது. தூரம்னா அவங்களுக்கு நாள்தான், இங்கிருந்து அங்க நாலு நாள் நடை, ஆத்தோட போனா ரெண்டு நாள், அவ்வளவுதான் சொல்லுவாங்க. அதனால பரிதி என்ன பண்ணான்னா, ஒரு பெரிய அட்டையில குண்டூசி குத்தி, ஒரு நாள் நடைக்கு ஒரு விரக்கட, ஒரு விரல் அகலம், நூலுன்னு கணக்கு வெச்சு, அஞ்சு புக்குலயும் யார் யார் எங்கருந்து எங்க போனாங்களோ அத்தனைக்கும் வெள்ளை நூல் கட்டினான். ஷிஃப்ட் முடிஞ்சு வந்து கட்டினான், தூங்கறதுக்கு முன்னாடி கட்டினான், ஒரு தடவ கட்டிட்டே தூங்கிப் போய் கன்னத்துல குண்டூசி குத்தி எந்திரிச்சான். நூலெல்லாம் இழுத்துக் கட்டினப்ப நாடு தானா எந்திரிச்சு வந்துச்சு, அது இருக்கே, அந்த சந்தோஷத்த யாருகிட்டச் சொல்றது, ரூம்ல கூட இருக்கறவன்கிட்டச் சொன்னா என்னடா சிலந்தி வளக்கறியான்னான். அப்புறம் அந்த நாட்டை நவாஸ்கிட்டக் கொண்டு போனப்பத்தான் சண்டை. ஏழ்கரை ஜனங்க கடலைப் பாத்து நின்னுதான் தெசை சொல்லுவாங்க, அதனால கெழக்கு மேல வரணும்னு பரிதி. எவனுக்கும் புரியாது, வடக்கத் தூக்கி மேல வையின்னு நவாஸ். தூக்கி வெச்சாச்சு. தீவுங்க ரொம்பத் தூரத்துல கெடக்கு, அந்த மூலை சும்மா இருக்கு, பக்கத்துல இழுன்னான். இழுத்தாச்சு. ஆறு ஒத்தையாப் போனா எல்லாரும் ஒரே வழியில வருசையா நிப்பாங்க, ரேசன் கடையா இது, மூணாப் பிரிச்சு விடுன்னான். புக்குல ஒத்தை ஆறு. பிரிச்சு விட்டாச்சு. பாழ்நிலம் நூறு பக்கம், போர்டுல ரெண்டு கட்டம். அந்த ரெண்டு கட்டத்துக்கே நவாஸ் மூஞ்சி சுளிச்சான், ஒண்ணும் நடக்காத எடத்துக்கு எதுக்குடா எடம்னான். ஒண்ணும் நடக்காததுதான்டா அதுன்னு பரிதி கத்தினான். கடைசியில ரெண்டு கட்டம் தப்பிச்சுது. ஒவ்வொண்ணா விட்டுக் குடுக்கறப்ப ஒவ்வொரு தடவையும் வசுமதிங்கற பேரை மனசுக்குள்ள சொல்லி மன்னிப்பு கேட்டுப்பான், அப்ப அந்தப் பேருக்கு மூஞ்சி கெடையாது. இப்ப மூஞ்சி எதுக்க உக்காந்து மூக்குக் கண்ணாடியத் தொடைக்குது.

ரெண்டு நூலு மட்டும் ஒத்து வரல. தும்பைத்துறைத் துறைமுகத்துலருந்து கல்வாய்க் கோட்டைக்கு மொத புக்குல உப்புவண்டிக்காரன் ஒருத்தன் போறான். பெரிய ஆளெல்லாம் இல்ல, ஒரு ரெண்டு பக்கம் வந்து மாட்டைத் திட்டிட்டுப் போற ஆளு, போற போக்குல ஒன்பது நாள்ல கல்வாய்ச் சந்தைக்குப் போயிருவேன்கறான். மூணாவது புக்குல ஆரல் அதே துறைமுகத்துலருந்து அதே கோட்டைக்குக் குதிரையில போறா. பதினாறு நாள் ஆகுது. ஆரலோட தங்கச்சி நொச்சி அந்தக் கோட்டையில பிணைக்கைதி, அமாவாசைக்குள்ள அக்கா முத்திரை மோதிரத்தக் கொண்டு வந்து குடுக்கலன்னா நொச்சிய முடிச்சிருவாங்க. ஆரல் போய்ச் சேர்றது அமாவாசைக்கு மறுநா விடிகாலையில. நூல் கணக்குல பாத்தா ஒன்பது விரக்கட நூல் விறைப்பா நிக்குது, பதினாறு தொளதொளன்னு தொங்குது. பரிதி புக்கத் திரும்ப எடுத்தான், வேற துறைமுகமா, வேற கோட்டையா, நடுவுல மழையா வெள்ளமா, எங்கயாச்சும் ஒரு வரி இருக்குமான்னு தேடினான். இல்ல. குதிரைக்குக் கால்கூட ஊனம் இல்ல. மாட்டு வண்டி ஒன்பது நாள்ல போற எடத்துக்குக் குதிரை பதினாறு நாள். நொச்சி செத்தது, அவன் பன்னெண்டாவது படிக்கறப்ப. பொள்ளாச்சியில வீட்டு பாத்ரூம்ல தண்ணிக் குழாயத் தொறந்து விட்டுட்டு அழுதான், வெளிய வந்தப்ப அம்மா என்னடா கண்ணுன்னாங்க, ஷாம்பு எரியுதுன்னான். அதுவரைக்கும் அவன் வீட்டுல யாரும் செத்ததில்ல. சாவுன்னா என்னன்னு அவனுக்கு நொச்சி சொல்லிக் குடுத்ததுதான், அப்புறம் வந்ததெல்லாம் அதைய வெச்சு அளந்ததுதான். அந்தச் சாவு ஒரு தப்புக் கணக்கா. மறதியா. எழுதினவங்க ஆபீஸ் அலுப்புல மொத புக்கத் திருப்பிப் பாக்காம விட்டதா. நூலு தொங்கற எடத்த ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தான். அப்புறம் அந்தத் தொங்கலுக்கு நடுவுல பென்சிலால ஒரு மலையப் போட்டான். மலையச் சுத்திக்கிட்டுப் போனா நூலு அழகா இழுத்துக்கிச்சு. பதினாறு நாள். சரியாப் போச்சு. உப்புவண்டித் தடத்தை போர்டுல வரையவே இல்ல. நவாஸ்கிட்ட, கல்வாய்க்குப் போறது கஷ்டமா இருந்தாத்தான்டா வெளாட்டு சூடுபிடிக்கும்னு சொன்னான். செம்மடான்னு நவாஸ் முதுகுல தட்டினான். சீட்டு நல்லா விழுந்தா அமாவாசைக்குள்ள போயிரலாம்லன்னு கேட்டான். ம்ன்னான் பரிதி. போக முடியாது. எப்படி விழுந்தாலும் போக முடியாதுன்னு கணக்குப் போட்டுத்தான் வெச்சிருந்தான்.

வெளாட்டு ஓடிட்டிருந்துச்சு. வெளாடறவங்க மூணு பேரு. கோட்டைத் தலைவனா தனபால் அண்ணன், ஒப்பணக்கார வீதி ஜவுளிக்கடையில வேலை, ஏழ்கரைன்னா உசுரு, அஞ்சு புக்கையும் வருசா வருசம் ஒரு தடவ படிச்சிருவாரு, மேடத்தைப் பாத்ததுலருந்து நிமுந்து உக்காரவே இல்ல. உப்பு வியாபாரியா ரிஃபானா, நவாஸோட சித்தப்பா பொண்ணு, பார்மசி படிக்கறா, ஒரு பக்கம்கூடப் படிச்சதில்ல, பிரியாணின்னு சொன்னதால வந்தேன்னு வந்ததும் சொல்லிட்டா. மேடத்தை அவ ஆன்ட்டின்னு கூப்பிட்டப்ப தனபால் அண்ணனுக்கு மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே. மேடம் ஆரல். யாரா வேணா ஆடுங்கன்னு காயெல்லாம் பரப்பி வெச்சப்ப கொஞ்ச நேரம் கை மேசை மேலயே நின்னுச்சு, அப்புறம் ஆரலை எடுத்தாங்க. எடுத்து தும்பைத்துறையில வெச்சாங்க. வெச்சதோட சரி. ஒரு சுத்து போச்சு, ரெண்டாவது சுத்து போச்சு, ஆரல் நகரல. படை சேக்கறேன்னாங்க, தண்ணி ஏத்தறேன்னாங்க, ஒரு தடவ சும்மா சீட்டு எடுத்தாங்க. ஒவ்வொரு சுத்துக்கும் நவாஸ், அமாவாசைக்கு எவ்வளவு மிச்சம்னு காட்டற நெலாக் காய ஒரு கட்டம் தேய்பிறைப் பக்கம் தள்ளினான். போங்க மேடம், கெளம்புங்கன்னு பரிதி மனசுக்குள்ள சொல்லிக்கிட்டான், அப்புறம் வேணாம், போகாதீங்க, போனா மலையப் பாப்பீங்கன்னான். எதுக்கு இத்தனை பதட்டம், ஒரு அட்டை, நாலு மரக்காயி. கண்ணு சொருகுச்சு. சொருகின கண்ணுக்குள்ள பில்லுங்க ஓடுச்சு, ஏதோ ஊர்ல ஏதோ ஒரு நோயாளியோட பேரு, படுக்கை வாடகை, ஊசி, அப்புறம் குதிரைச் சத்தம், பாழ்நிலத்துக் காத்து, காத்தா இல்ல ஃபேனா. தலை மடார்னு முன்னால விழுந்து முழிச்சான். யாரும் பாக்கல. நவாஸ் பாத்தான். கண்ணாலயே திட்டினான். ‘ஆரல் ஏன் நகரலன்னு தெரியல’ன்னு டைப் அடிச்சான். அடிச்சுட்டு அழிச்சான்.

ஆரம்பிச்சு விட்டது ரிஃபானாதான். அவளுக்கு உப்பு குமிஞ்சு கெடந்துச்சு, கல்வாய்ச் சந்தையில வித்தாத்தான் லாபம்னு ரூல் புக்கு சொல்லுது, ஆனா போற வழியில மலை. சுத்திப் போனா அடுத்த தீவாளி ஆயிரும். எந்த வியாபாரியாச்சும் சந்தைக்கு வழியில்லாத ஊர்ல உப்பக் காச்சுவானா நவாஸ்ணே, இந்த மலைய வெச்ச புத்திசாலி யாருன்னு கேட்டா. நவாஸ் வாய ஜிப்பு போட்டு இழுக்கற மாதிரி காட்டினான். தனபால் அண்ணன் அவளுக்கு வெளக்க ஆரம்பிச்சாரு, பாரும்மா, கல்வாய் யாராலயும் சுளுவா நெருங்க முடியாத கோட்டை, அதனாலதான் கதையிலயே நொச்சி, அப்படீன்னு ஆரம்பிச்சு, யாருங்ணா நொச்சின்னு அவ கேக்க, அவரு நெஞ்சுல கைய வெச்சுக்கிட்டாரு. பரிதிக்குத் தூக்கம் போயிருச்சு. சுத்தமாப் போயிருச்சு. மேடம் போர்டு மேல குனிஞ்சிருந்தாங்க. வெரலை தும்பைத்துறையில வெச்சு, அங்கிருந்து மெதுவா, நூல் பிடிச்ச மாதிரி நேரா கல்வாய்ப் பக்கம் இழுத்துட்டு வந்து மலையடிவாரத்துல நிறுத்தினாங்க. கண்ணாடியத் தூக்கி நெத்தியில வெச்சுட்டுக் கிட்டப் போய்ப் பாத்தாங்க. தெரிஞ்சுபோச்சு. இல்ல, சும்மா பாக்கறாங்க, அழகா இருக்குன்னு பாக்கறாங்க. தெரிஞ்சுபோச்சு.

“வழி இருந்துச்சும்மா,” அப்படீன்னாங்க ரிஃபானாவப் பாத்து. “உப்புவண்டி போற வழி. ஒன்பது நாள்.”

தனபால் அண்ணன் சட்டுனு உள்ள வந்தாரு. அது கணக்குல சேராதுங்க மேடம், வண்டிக்காரன் பெருமைக்கு அடிச்சு விடறது அது, நாங்க ஏழ்கரை ரசிகருங்க குரூப்ல பேசி முடிவு பண்ணதுங்க, வண்டிக்காரனுங்க எப்பவும் கொறைச்சுத்தான் சொல்லுவாங்க, அதுவும் உங்க நுணுக்கந்தாங்கன்னாரு. மேடம் ஒத்துக்கல. அந்த ஆளு பொய் சொல்ற ஆளு இல்லீங்களேன்னாங்க, கூடப்பொறந்தவனைப் பத்திச் சொல்ற மாதிரி. அப்புறம் திரும்பி, இந்த மலைய யாருப்பா வெச்சதுன்னாங்க. நவாஸ் பரிதியப் பாத்தான். அந்தப் பார்வையில ரெண்டும் இருந்துச்சு, பேசாதடா, பேசித் தொலைடா. பெட்டிக்குள்ள மடிச்சு வெச்சு அனுப்ப முடியாதவன் வாயத் தொறந்தான்.

“நான்தாங்க மேடம். ரெண்டு கணக்கும் ஒத்து வரலீங்க. புக்குல தப்புன்னு யாரும் சொல்லிரக்கூடாதுன்னு வெச்சுட்டேன்.”

சொல்லி முடிச்சுட்டு மேடத்தைப் பாத்தான். அவங்க மூஞ்சி சுருங்கும், இல்ல ஐயோன்னு தலையில கை வெப்பாங்க, ஒன்பதா எழுதினேன்னு கேப்பாங்க, அந்த நிமிஷம்தான் அவனுக்கு இத்தனை மாசமாப் பயம், அதைப் பாக்கக்கூடாதுன்னுதான் ஒரு மலையவே வரைஞ்சான். அப்படி ஒண்ணும் நடக்கல. அவங்க சேர்ல சாஞ்சுக்கிட்டாங்க. ஆபீஸ் முடிஞ்சு பஸ்ல உக்கார எடம் கெடைச்ச ஆளு சாயற மாதிரி. எனக்குத் தெரியும்ப்பான்னாங்க. மறுபடி அச்சுக்குப் போறப்ப அஞ்சையும் வருசையா உக்காந்து படிச்சாங்களாம், அப்பத்தான் பாத்தாங்களாம், பையன் பக்கத்துல ஹோம்வொர்க் எழுதிட்டு இருந்தானாம், ஏம்மா அழுவறன்னு கேட்டானாம். மூணாவது எழுதறப்ப மொத புக்கு கையிலயே இல்ல, யாருக்கோ குடுத்துட்டேன், ஞாபகத்துல எழுதினதுன்னாங்க. நொச்சிய ஏன் சாகடிச்சீங்கன்னு கேக்காத ஆளே கெடையாதாம், கூட்டத்துல கேப்பாங்க, போன்ல கேப்பாங்க, கல்யாண வீட்டுல பந்தியில உக்காந்திருக்கறப்பக்கூட ஒருத்தர் வந்து கேட்டாராம். இவங்களும் விதி, போரு, அதிகாரம்னு என்னமாச்சும் சொல்லி அனுப்புவாங்களாம். என்னத்தச் சொல்றது. வண்டிக்காரனைக் கேட்டிருந்தா ஆரல் நேரத்துக்குப் போயிருப்பா, அப்படீன்னா சொல்றது.

மாத்தியிருக்கலாமே மேடம், மறுபதிப்புலன்னு நவாஸ் கேட்டான். சட்டம் போட்டவனே கேட்டான்.

“ஒரு வார்த்தைதான். பேனாவக்கூட எடுத்துட்டேன். ஒன்பதை அடிச்சிட்டா அப்புறம் ஆரலுக்கு வழியே இல்லாமப் போயிரும். அது ஒண்ணாச்சும் தொறந்து கெடக்கட்டும்னு விட்டுட்டேன்.” வெரலால மலையத் தொட்டாங்க. “நீ அதையும் அடைச்சுட்ட.”

கோவமாச் சொல்லல. அதுதான் தாங்க முடியல. பரிதிக்குக் காது சூடாச்சு. நான் உங்களைக் காப்பாத்தத்தான் வெச்சேன்னு சொல்லலாம், அது உண்மையான்னு அவனுக்கே இப்பத் தெரியல. அவங்களைக் காப்பாத்தவா, இல்ல பாத்ரூம்ல அழுத அந்தப் பையனைக் காப்பாத்தவா. நொச்சி செத்ததுக்கு ஒரு காரணம் வேணும், மலை மாதிரி ஒரு காரணம், எவனாலயும் தாண்ட முடியாத காரணம், இல்லன்னா அத்தனையும் சும்மா. மறதிக்கா ஒருத்தி சாவா? ஆமா, சாவா. ஆஸ்பத்திரி பில்லுல தெனமும் பாக்கறான், ஒரு எண்ணு மாறிப்போன மருந்து, ஒரு நாள் தள்ளிப்போன டெஸ்ட்டு, அடுத்த பக்கத்துல கணக்கு முடிஞ்சிருக்கும். அங்கெல்லாம் மலை எங்க இருக்கு. மலைய எடுத்துரலாமாப்பான்னு மேடம் கேட்டாங்க, இதுல மட்டுமாச்சும். எடுத்துட்டா யாரும் அழ மாட்டாங்க மேடம்னு மனசுக்குள்ள பரிதி. பதினேழு வயசுல ஒருத்தன் இந்தப் பெட்டியப் பிரிச்சு, ஜாலியாக் காய நகத்தி, நொச்சியக் காப்பாத்திட்டு, பிரியாணி சாப்பிடப் போயிருவான். போகட்டுமே. போனா என்ன. அலுப்பா இருந்துச்சு. இந்தச் சாவை இவ்வளவு வருஷமா அவன் தூக்கிட்டு அலையறான், அந்தம்மா அதைவிட அதிகமாத் தூக்கிட்டு ஈரோட்டுலருந்து பஸ் ஏறி வந்திருக்கு. ரெண்டு பேரும் கீழ எறக்கி வெச்சா யாரு கேக்கப்போறா. தனபால் அண்ணன் கேப்பாரு. அவரு வாயைத் தொறந்தாரு, ஆனா ‘நொச்சி சாகணுமே மேடம்’ங்கறத சொல்ல முடியாம மூடிட்டாரு.

நவாஸ் ட்ராயர்லருந்து விலை ஒட்டற வெள்ளை ஸ்டிக்கர் தாளை எடுத்து நீட்டினான். பரிதி எந்திரிச்சு வந்தான், காலு மரத்துப் போயிருந்துச்சு. ஊதா நெழல் மேல ஒண்ணு, சிகரத்து மேல ஒண்ணு, அடிவாரத்துல ரெண்டு. நகத்தால ஓரம் தேச்சு விட்டான். கையெழுத்துப் பேனாவால அது மேல கட்டம் பிரிச்சு, ரெண்டு கோடு, வண்டித் தடம் மாதிரி. கோடு கோணையா வந்துச்சு, மாட்டு வண்டி அப்படித்தானே போகும். வெச்ச புத்திசாலி நீங்கதானான்னு ரிஃபானா மெதுவாக் கேட்டா. ஆமான்னான். எடுத்ததும் நீங்கதான், விடுங்கன்னா. அவன் போய் மறுபடி மூலையில உக்காந்தான். நெலா பாதி தேஞ்சிருந்துச்சு. ஆரல் கெளம்பிட்டா.

ஒரு சுத்துக்கு ஒரு கட்டம். ரிஃபானாவோட உப்பு வண்டி முன்னால, ஆரல் பின்னால. மேடம் காயை வெக்கறப்ப மட்டும் வெரல் ஒரு நொடி அது மேலயே நிக்கும். கணக்குப் படி நேரம் இருக்கு, ஆனா கோட்டைத் தலைவன்கிட்டக் காவல் சீட்டு ஒண்ணு மிச்சம் இருக்கறதப் பரிதி பாத்துட்டான். தனபால் அண்ணன் கையில. வண்டித் தடத்துல வெச்சா ஆரல் நிக்கணும், நின்னா அமாவாசை. அவரு சீட்டைப் பாத்தாரு, போர்டைப் பாத்தாரு, மேடத்தைப் பாக்காம இருக்க ரொம்பப் பாடுபட்டாரு. புக்குல உள்ளது உள்ளபடி இருக்கணும்னு குரூப்ல மணிக்கணக்கா சண்டை போடற மனுசன். நெத்தியெல்லாம் வேர்வை. வைப்பாரு. கண்டிப்பா வைப்பாரு, நானா இருந்தா வெச்சிருப்பேன், இன்னிக்குக் காலையில கேட்டிருந்தாக்கூட வெச்சிருப்பேன். அண்ணன் கைய நீட்டி, சீட்டை அந்தக் கோடிக்குக் கொண்டு போய், ஒரு ஈ காக்கா இல்லாத தீவுல வெச்சாரு. அங்க வெச்சு என்னங்ணா புண்ணியம், எந்தக் காய் அங்க வருதுன்னு ரிஃபானா கேட்டா. எதிரி எங்கருந்து வேணா வரலாம்மா, உனக்குத் தெரியாதுன்னாரு.

அமாவாசைக்கு ரெண்டு கட்டம் மிச்சம் இருக்கறப்ப ஆரல் கல்வாய்க்குள்ள போனா. போனதுன்னா, ஒரு மரக்காயி, நொச்சின்னு வெச்சிருந்த இன்னொரு மரக்காயிக்குப் பக்கத்துல நின்னுச்சு, அவ்வளவுதான். டொக்குன்னு ஒரு சின்னச் சத்தம். மேடம் நிமுந்து, இப்ப என்ன சீட்டுப்பா எடுக்கணும்னு கேட்டாங்க. நவாஸ் சீட்டுக்கட்ட எடுத்துப் பெரட்டினான், கோட்டைச் சீட்டு, சந்தைச் சீட்டு, போர்ச் சீட்டு, மறுபடி மொதல்லருந்து பெரட்டினான். ரூல் புக்கத் தொறந்தான். அப்புறம் பரிதியப் பாத்தான். அப்பத்தான் பரிதிக்கு உறைச்சுது. அமாவாசை தாண்டி வந்தா என்ன ஆகும்னு நாலு சீட்டு எழுதியிருந்தான், ஒவ்வொண்ணும் ராத்திரி முழிச்சு, அடிச்சு அடிச்சு எழுதினது. முன்னாடியே வந்துட்டா என்னன்னு எழுதவே இல்ல. அவ வந்து சேர்ந்தா ரெண்டு பேரும் என்ன பேசுவாங்க, கட்டிப் பிடிச்சுக்குவாங்களா, ஏன்டி இளைச்சுப் போயிட்டன்னு அக்கா திட்டுவாளா, யாரும் யோசிச்சதே இல்ல. அஞ்சு புக்குல இல்ல, குரூப்ல இல்ல, அவன் மண்டையிலயும் இல்ல. சீட்டு இல்லீங்க மேடம்னான், சட்டத்தை மறந்துட்டு, இப்ப எழுதிடறேன், ஒரு நிமிஷம், என்ன எழுதட்டும்னு நீங்களே சொல்லுங்கன்னான்.

மேடம் அந்த ரெண்டு காயையும் பாத்தாங்க. கண்ணாடியக் கழட்டி பைக்குள்ள வெச்சுட்டாங்க, இனிமே படிக்கறதுக்கு ஒண்ணும் இல்லங்கற மாதிரி.

“ஒண்ணும் எழுத வேணாம்ப்பா,” அப்படீன்னாங்க. “நான் பாஸ்.”

அடுத்தது ரிஃபானா. அவ உப்பை வித்தா. தனபால் அண்ணன் படையத் திருப்பித் தெக்கால அனுப்பினாரு, மூக்க உறிஞ்சிக்கிட்டே. நவாஸ் நெலாக் காயத் தள்ளிட்டு, மேடம் உங்க முறைங்கன்னான். அவங்க வேணாம்னு தலைய மட்டும் ஆட்டினாங்க. அதுக்கடுத்த சுத்துலயும் ஆட்டினாங்க. அமாவாசை வந்துச்சு, போச்சு, மத்தவங்க காயெல்லாம் நாடு பூரா ஓடிட்டு இருந்துச்சு, அது ரெண்டு மட்டும் அங்கயே நின்னுச்சு.